மாமி குளிப்பாட்ட மறுத்த நாள்

என் மாமியைப் பயமுறுத்த யாராலும் முடியாது. முயன்று பார்த்து நனைந்து போனவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

அப்போது எனக்குப் பதிமூன்று வயது. பள்ளிவாசலுக்குப் பின்னால் மய்யித்துக் குளிப்பாட்டும், அதாவது இறந்தவர்களைக் குளிப்பாட்டும், அறை இருக்கிறது. சிமெண்டுத் தரை, ஒரு குழாய், மூலையில் வடிகால், நடுவே ஒரு மரப்பலகை. வியாழக்கிழமைதோறும் மாமி போய் அந்தப் பலகையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வருவார். ஒரு வியாழக்கிழமை நான் முந்திக்கொண்டு போய், வெள்ளைத் துணியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு பலகையில் நீட்டிப் படுத்தேன். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மெதுவாக எழுந்து உட்கார்ந்து, அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல் விட்டேன். வேறு யாராவது வந்திருந்தால் அன்றைக்கே அந்த அறைக்கு இன்னொரு வேலை வந்திருக்கும்.

மாமி கெண்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.

"படுடி. முதல்ல வலது பக்கம், அப்புறம்தான் இடது பக்கம். முறைன்னு ஒன்னு இருக்கில்ல?"

கெண்டித் தண்ணீர் மொத்தமும் என் தலையில். வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு வார்த்தை திட்டவில்லை. வாசலில் மட்டும் நின்று, "அடுத்த தடவை சோப்பையும் கையோட எடுத்துட்டு வந்து படு, எனக்கு ஒரு நடை மிச்சம்" என்றார்.

மாமி என்றால் அத்தாவின், அதாவது என் அப்பாவின், அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு கட்டில், ஒரு இரும்புப் பெட்டி, ஒரு பட்டன் போன், இவ்வளவுதான் அவருடைய உலகம். பிழைப்பு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில். இருபத்தி நாலு வருஷமாகப் படுக்கை விரிப்பும் டாக்டர் அங்கியும் துவைக்கிறார். மய்யித்துக் குளிப்பாட்டுவது பிழைப்பு இல்லை. கூப்பிட்டால் போவார், காசு வாங்கமாட்டார்.

சலவைக்கூடத்தில் புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு மாமிதான் கறையைப் பற்றிப் பாடம் எடுப்பார். ரத்தக்கறையைச் சுடுதண்ணியில் போட்டால் ஜென்மத்துக்கும் போகாது, பச்சைத்தண்ணியில்தான் போடணும். மருந்துக்கறை வேறு, மலக்கறை வேறு. "கறைக்கு வயசு உண்டு. நேத்து பட்டது ஒரு நிறம், போன வாரம் பட்டது ஒரு நிறம். மனுஷன் பொய் சொல்லுவான், துணி சொல்லாது" என்பார். நான் அம்மாவின் புடவையில் பேனா மை கொட்டிவிட்டு ஒரு மாதம் கழித்துத் தம்பி மேல் பழி போட்டபோது மாட்டிக்கொண்டது இந்தப் பாடத்தால்தான்.

கெண்டி எப்படி மாமியின் கைக்கு வந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

மாமிக்கு ஒரு அக்கா இருந்தார். பத்தொன்பது வயதில், கட்டிக்கொடுத்த வீட்டில், வயிற்றுவலியில் இறந்து போனார் என்று சொன்னார்கள். எங்கள் வீட்டாரும் அப்படியே நம்பி அழுதார்கள். அந்த அக்காவைக் குளிப்பாட்டியது கெண்டிக்காரம்மா என்று எல்லோரும் கூப்பிட்ட ஒரு அம்மா. இருபத்தியொரு வருஷம் கழித்து அந்த அம்மா படுத்த படுக்கையானார். மாமி பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனார். கெண்டிக்காரம்மா மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சந்தோஷத்தோடு சொன்னாராம்:

"உன் அக்காவோட விலாவுல ரெண்டு பக்கமும் செருப்புத் தடம் இருந்துச்சும்மா. மய்யித்துல பாத்ததை வெளியில சொல்லக் கூடாதுல்ல? இருபத்தியொரு வருஷமா ஒரு உசுருகிட்ட சொல்லலை. அவ மானத்தைக் காப்பாத்திட்டேன். இதுக்கு உண்டான கூலி அல்லாகிட்ட இருக்கு."

அந்த அம்மா கெட்டவர் இல்லை. குளிப்பாட்டுகிறவர் மய்யித்தின் குறையை மறைக்கணும் என்பது மார்க்கத்தில் உள்ளதுதான். யாருடைய குறை என்று ஒரு நாளும் யோசித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்குள் அந்த அக்காவின் வீட்டுக்காரர் இன்னொரு கல்யாணம் செய்து, ஹஜ்ஜுக்குப் போய் வந்து, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி, ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் தூக்கத்திலேயே மவுத்தாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவ்வளவு சுகமான சாவு. மாமி வாங்கிப் போன பழத்தை மேசையில் வைத்தார். மறுநாளும் போனார். "அந்தக் கெண்டியை எனக்குக் கொடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். மாமிக்குப் பக்தி முற்றிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அத்தாவுக்கு மட்டும் விஷயத்தைச் சொன்னார். அத்தா அன்றைக்குக் கொல்லைப்புறம் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நெடுநேரம் முகம் கழுவினாராம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிவாசலில் பெண்களுக்கு வகுப்பு உண்டு. பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் இமாம், இந்தப் பக்கம் நாங்கள். இமாமுக்கு முப்பது வயசுதான் இருக்கும். சம்பளம், குடியிருக்கிற வீடு, குழந்தையின் பள்ளிக்கூடக் கட்டணம் எல்லாம் பள்ளிவாசல் கமிட்டி கொடுப்பது. நல்ல குரல். அவர் சிறப்பாகப் பேசுவது உலகம் முடியும் முன் இமாம் மஹ்தி வரப்போகும் காலத்தைப் பற்றித்தான். பூமி அநியாயத்தால் நிரம்பும். பிறகு அவர் வந்து அதே பூமியை நீதியால் நிரப்புவார். ஈசா நபி இறங்கி வருவார். பெரும்பொய்யன் தஜ்ஜாலின் ஆட்டம் முடியும். ஓநாயும் ஆடும் ஒன்றாக மேயும். குழந்தை பாம்போடு விளையாடும், பாம்பு கடிக்காது. தர்மம் கொடுக்க ஆள் தேடி அலைவார்கள், வாங்க ஆள் இருக்காது. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நானும் அதைக் கேட்டு மயங்கி, ஒரு நாள் ஒன்பதாம் வகுப்பு டீச்சரின் கைப்பையில் ஓணானை விட்டுப் பார்த்தேன். அந்தக் காலம் இன்னும் வரவில்லை என்பது உறுதியானது. என் படிப்பும் ஏறக்குறைய அத்தோடு முடிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திரைக்கு இந்தப் பக்கத்திலிருந்து மாமி கேட்டார்.

"இமாம், பூமி அநியாயத்தால நிரம்பணும்னு சொல்றீங்க. நிரம்ப இன்னும் எவ்வளவு இடம் பாக்கி?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். மாமி சிரிக்கவில்லை.

"அது... அல்லாஹ்வுக்குத்தான் தெரியும் மாமி."

"சரி. ஒருத்தன் பொண்டாட்டியை மிதிச்சே கொன்னுட்டு, தூக்கத்துல சுகமா சாவறான். அல்லா பாத்துக்கிட்டுதானே இருந்தான்? ஏன் விட்டான்?"

சிரித்த பெண்களெல்லாம் மாமியின் பக்கம் திரும்பினார்கள்.

"அது சோதனை மாமி. இந்த உலகமே சோதனைக் கூடம்."

"யாருக்குச் சோதனை? செத்தவளுக்கா, மிதிச்சவனுக்கா, பாத்துட்டு நின்னவங்களுக்கா?"

"அடுத்த வாரம் சொல்றேன் மாமி" என்றார் இமாம். அடுத்த வாரம் அவர் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும் முறைக்குப் போய்விட்டார்.

இது நடந்து ஒன்றரை வருஷம் கழித்துத்தான் அந்த நாள் வந்தது.

அத்தா வேலை பார்த்தது டயர்க் கடையில். பழைய டயரைக் கழற்றுவது, புது டயரை மாட்டுவது, பஞ்சர் ஒட்டுவது. கடை முதலாளியை எல்லோரும் டயர்க்காரர் என்பார்கள். அவரே பள்ளிவாசல் கமிட்டித் தலைவர். பள்ளிக்கு ஏசி அவர் போட்டது. மய்யித்தை ஏற்றிப் போகிற ஜனாஸா வண்டி அவர் வாங்கிக் கொடுத்தது. குளிப்பாட்டும் அறையில் மரப்பலகையை மூலையில் சாத்திவிட்டு, பளபளவென்று எஃகு மேசை ஒன்று வந்ததே, அதுவும் அவர் கைங்கரியம். மேசையின் ஓரத்தில் அவர் குடும்பத்தின் பெயரைப் பொறித்திருந்தார்கள். மாமி ஒவ்வொரு வியாழக்கிழமையும் அந்தப் பெயரையும் சேர்த்துத் தேய்ப்பார்.

காலை பத்து மணிக்கு மாமிக்குப் போன் வந்தது. டயர்க்காரரின் மருமகள் மவுத்து. மாடிப்படியில் கால் தவறிவிட்டாளாம். இருபத்திரண்டு வயசு. கல்யாணம் ஆகிப் பத்து மாதம். அவளுக்கு அத்தா இல்லை, அம்மா மட்டும்தான். வெகுதூரத்தில் இருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார், வந்து சேர நாலு மணி ஆகும். ஆனால் மத்தியானம் லுஹர் தொழுகை முடிந்ததும் அடக்கம் என்று மைக்கில் சொல்லியாகிவிட்டது. மய்யித்தைக் காக்க வைக்கக் கூடாதாம்.

மாமி சலவைக்கூடத்தில் சொல்லிவிட்டு நேரே வந்தார். கூடவே தையல்காரம்மா. மய்யித்துக்குச் சுற்றுகிற கஃபன் துணியை இவர்தான் வெட்டுவார். மாமிக்கு இரண்டாவது கை. ஒரு காது கேட்காது. கேட்கிற காதில் விழுந்ததை நாலு பேருக்கு மட்டும் சொல்லுவார், அதை அவர் ரகசியம் என்று நினைக்கிறார். உள்ளே நடந்தது எனக்குத் தெரிவது அவர் புண்ணியத்தில்தான்.

இரண்டு பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். முற்றத்தில் பெண்கள், வெளியே ரோட்டோரம் ஆண்கள். நான் அம்மாவின் பிடியிலிருந்து நழுவி, ஜனாஸா வண்டியின் நிழலில் போய் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து கதவு நன்றாகத் தெரியும்.

மாமி எப்போதும் செய்கிற மாதிரி முதலில் ஸலாம் சொன்னாராம். மய்யித்துக்கும் சொல்வார். பிறகு வெள்ளைத் துணியால் மூடிவிட்டு, உள்ளே இருந்த உடுப்பைக் கத்தரித்து எடுத்தார். கெண்டி நிரம்பி, சூடு பதமாகி, தயாராக இருந்தது. கைக்குத் துணி சுற்றிக்கொண்டு பெண்ணின் வலது கையைத் தூக்கினார். நகத்துக்குள் அழுக்கு இருந்தால் குச்சியால் மெல்ல எடுப்பது குளிப்பாட்டுவதில் ஒரு வேலை. குச்சியை எடுத்தவர் அப்படியே நின்றாராம்; நகத்துக்குள் இருந்தது அழுக்கு இல்லை, காய்ந்த ரத்தம். கையைத் திருப்பிப் பார்த்தார். முழங்கை வரை பார்த்தார். துணியைக் கொஞ்சம் விலக்கிக் கழுத்தைப் பார்த்தார். பிறகு துணியை இழுத்து மூடி, குச்சியைக் கீழே வைத்து, கெண்டியை எடுத்து, அதிலிருந்த தண்ணீரை ஒரு சொட்டுக்கூட மேலே படாமல் வடிகாலில் ஊற்றிவிட்டாராம்.

"ஏன்? சூடு அதிகமா?" என்று தையல்காரம்மா கேட்டார்.

"ஆமா" என்றார் மாமி.

கதவு திறந்தது. மாமி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். கதவைச் சாத்தினார். நாற்காலியைக் கதவுக்குக் குறுக்கே போட்டார். உட்கார்ந்தார். அவர் கை இரண்டும் காய்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் முற்றத்தில் முணுமுணுப்பு அடங்கியது. குளிப்பாட்டிவிட்டு வந்த மாமியின் கை காய்ந்திருந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

இடுப்பிலிருந்து பட்டன் போனை எடுத்தார். போலீசுக்குப் போட்டார். பள்ளிவாசலின் பெயர், தெருவின் பெயர், தன் பெயர் எல்லாவற்றையும் சலவைத் துணிக்கு எண்ணிக்கை சொல்லுகிற மாதிரி நிதானமாகச் சொல்லிவிட்டு வைத்தார்.

டயர்க்காரர் வந்துவிட்டார். பின்னால் இமாம். அதற்குப் பின்னால், வரலாமா வேண்டாமா என்ற நடையில் என் அத்தா.

"என்னம்மா, முடிஞ்சுதா?"

"இல்ல. குளிப்பாட்ட மாட்டேன்."

"என்னது?"

"இப்ப குளிப்பாட்ட மாட்டேன்னேன். அவ அம்மா வரட்டும். போலீஸ் வரட்டும். அப்புறம் குளிப்பாட்டறேன்."

டயர்க்காரர் சுற்றிலும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். நான் இருந்த வண்டிப் பக்கம் அவர் முதுகு.

"டாக்டர் சர்டிபிகேட் இருக்கு. படியில விழுந்துட்டா. என்ன பேசறே நீ?"

மாமியும் குரலைத் தாழ்த்தினார். முற்றத்துப் பெண்கள் காதில் அது விழக்கூடாது என்பதில் குறியாக இருந்தார். அது டயர்க்காரருக்காக இல்லை, உள்ளே இருந்தவளுக்காக.

"படியில விழறவங்க ஒரு நாள்ல விழுவாங்க முதலாளி. இவ கையில பழசு இருக்கு, அதுக்கு முந்தின பழசு இருக்கு, இன்னிக்கு உள்ளதும் இருக்கு. மூணு வாரமா யாராவது படியில விழுவாங்களா? கறைக்கு வயசு சொல்றது என் பொழப்பு."

அவர் முகம் டயர் நிறத்துக்கு வந்தது.

"மய்யித்தோட குறையை மறைக்கணுமா இல்லையா? நீ தினம் ஓதற மார்க்கம் சொல்லுதா இல்லையா?"

"மறைக்கணும். கண்டிப்பா மறைக்கணும். அவ குறைன்னு ஒன்னும் நான் பாக்கலை. நான் பாத்தது உங்க வீட்டுக் குறை. அதை மறைக்கிறேன்னு நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கலை."

"அந்த மேசை யார் வாங்கிக் கொடுத்தது தெரியுமா?"

"தெரியும். வாராவாரம் உங்க பேரைத் தேய்க்கிறேன். இன்னும் வெள்ளையாகலை."

டயர்க்காரர் இமாமைத் திரும்பிப் பார்த்தார். பார்வையிலேயே உத்தரவு இருந்தது. பாவம் இமாம், கைக்குட்டையை மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவுக்கு ஆக்கியிருந்தார்.

"மாமி," என்று ஆரம்பித்தார், "அநியாயம் நடந்திருந்தா அல்லாஹ் விடமாட்டான். மறுமை இருக்கு. இமாம் மஹ்தி வந்து நீதியை நிலைநாட்டுவாங்க. நம்ம கடமை மய்யித்தை..."

"வரட்டும் இமாம். நல்லபடியா வரட்டும். என் காலத்துல வந்தா கெண்டியைக் கீழ வச்சுட்டு ஓடிப் போய் ஸலாம் சொல்லுவேன். ஆனா வந்ததும் என்ன கேப்பாங்க? நடந்ததைச் சொல்லுங்கன்னு கேப்பாங்கல்ல? நான் என்ன சொல்லட்டும்? எல்லாத்தையும் சுத்தமாக் கழுவி, நகத்துக்குள்ள இருந்ததைக் குச்சியால நோண்டி எடுத்து, அத்தர் பூசி, வெள்ளைத் துணி சுத்தி, மண்ணுக்குள்ள வச்சுட்டோம் ஹஸ்ரத், இனி நீங்க பாத்துத் தீர்ப்பு சொல்லுங்கன்னா?"

இமாம் கைக்குட்டையை இன்னொரு மடிப்பு மடித்தார்.

"அவங்க வந்து செய்ய வேண்டியதை நான் செய்ய முடியாது. அவங்க வர்றதுக்குள்ள நான் கெடுக்காம இருக்கலாம்ல?"

டயர்க்காரர் அத்தாவைக் கூப்பிட்டார். "ஏம்பா, உன் அக்காகிட்ட எடுத்துச் சொல்லு. நாளைக்கு நீ கடைக்கு வரணுமா வேணாமா?"

அத்தாவுக்கு வாய்ச்சண்டை வராது. பூனை குறுக்கே வந்தாலும் வழிவிட்டு நிற்கிற ஆள். மாமியைப் பார்த்தார். மாமி அவரைப் பார்க்கவில்லை. தம்பியின் சம்பளத்தில்தான் அந்த வீட்டு அடுப்பு எரிகிறது என்று அவருக்குத் தெரியும்.

"அக்கா," என்றார் அத்தா.

"சரி விடு," என்றார் டயர்க்காரர். "பக்கத்துல ஆளா இல்ல? வேற பள்ளிக்குக் கொண்டு போய்க் குளிப்பாட்டி அங்கேயே அடக்கிடறேன். ஏய், வண்டியை எடுங்கடா! சந்தூக்குப் பெட்டியை ஏத்துங்க!"

டிரைவர் ஓடி வந்தார். வண்டியில் கை வைத்தவர் குனிந்தார். எழுந்தார். மறுபக்கம் போய்க் குனிந்தார்.

"முதலாளி... காத்து இல்லீங்க."

"எதுல?"

"நாலுலயும்."

டயர்க்காரர் வாங்கிக் கொடுத்த வண்டி, டயர்க்காரர் மாட்டிய டயர், நாலும் தரையோடு தரையாகச் சப்பையாகக் கிடந்தன. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை.

யார் செய்தது என்று இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. டயர்க் கடைக்காரர் மகள் யாருக்காவது, அதாவது டயர்க் கடையில் வேலை பார்க்கிறவர் மகள் யாருக்காவது, வால்வுக்குள் இருக்கும் பின்னை எப்படித் திருகி எடுப்பது என்று சின்ன வயதிலேயே தெரிந்திருக்கலாம். அந்த நாலு பின்னும் ஒரு பென்சில் டப்பாவில் இருக்கலாம். எனக்கு எதுவும் தெரியாது.

"நீ பாரு!" என்று அத்தாவை விரட்டினார் டயர்க்காரர்.

அத்தா ஒவ்வொரு சக்கரமாக உட்கார்ந்து பார்த்தார். நாலாவது சக்கரத்துக்கு வந்தபோது வண்டிக்கு அடியில் என் செருப்பு அவர் கண்ணில் பட்டது. செருப்பைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். வாழ்நாளில் எத்தனையோ தடவை அந்தப் பார்வைக்குப் பிறகு முதுகில் ஒன்று விழுந்திருக்கிறது. அன்றைக்கு விழவில்லை. செருப்பைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தார்.

"வால்வு நாலும் போயிடுச்சு முதலாளி. சாமான் கடையில இருக்கு. பம்பும் கொண்டு வரணும்."

"எவ்வளவு நேரம்?"

அந்த வேலைக்குக் கால் மணி நேரம் போதும். கடை அடுத்த தெருவில்தான்.

"மூணு மணி நேரம் ஆகும்," என்றார் அத்தா. நடந்தே போனார். அவர் அவ்வளவு மெதுவாக நடந்து நான் பார்த்ததில்லை. வழியில் ஒரு இடத்தில் நின்று டீ குடித்தாராம்.

வேறு வண்டி பேசலாம் என்று டயர்க்காரர் போனை எடுத்தார். அப்போதுதான் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. இமாம் எப்போது முற்றத்தை விட்டுப் போனார் என்று யாரும் கவனிக்கவில்லை.

"ஒரு அறிவிப்பு. லுஹர் தொழுகைக்குப் பிறகு நடைபெறும் என்று சொல்லப்பட்ட ஜனாஸா தொழுகை இப்போது நடைபெறாது." மூச்சுச் சத்தம். "மரணத்தைப் பற்றி விசாரணை முடியும் வரை நான் அதைத் தொழ வைக்க மாட்டேன். வேறு எந்தப் பள்ளி இமாமும் தொழ வைக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்."

தெரு முழுக்க, சந்தையில், பஸ் நிற்கிற இடத்தில், மூன்று ஒலிபெருக்கியிலும் அது கேட்டது. அதற்குப் பிறகு எந்த வண்டிக்காரரும் போனை எடுக்கவில்லை.

இமாம் திரும்பி வந்து மாமியின் நாற்காலிக்குப் பக்கத்தில், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கைக்குட்டை எங்கேயோ விழுந்துவிட்டது போல.

"அடுத்த வாரம் சொல்றேன்னு சொன்னேனே மாமி. சோதனை யாருக்குன்னு."

"உங்க அடுத்த வாரம் ஒன்றரை வருஷம் கழிச்சு வருது."

"பாத்துட்டு நின்னவங்களுக்கு" என்றார் இமாம்.

மாமி தையல்காரம்மாவிடம், "இமாமுக்கு ஒரு நாற்காலி போடு" என்றார்.

இரண்டு மணி சுமாருக்குப் போலீஸ் ஜீப் வந்தது. ஒரு பெண் அதிகாரி உள்ளே போனார். மாமி கதவைத் திறந்துவிட்டு, அவர் காதில் மட்டும் பேசினார். அந்தப் பெண்ணின் கைகள் இரண்டையும் காகித உறையில் போட்டுக் கட்டி, பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டு போனார்கள். நாலு மணிக்கு அவள் அம்மா வந்து இறங்கினார். கையில் ஒரு துணிப்பை. பையில் மகளுக்குத் தைத்துக்கொண்டு வந்த புது ரவிக்கைகள். எல்லோரும் சட்டென்று விலகி வழிவிட்டார்கள், ஆனால் அந்த வழியின் முடிவில் மகள் இல்லை. மாமி எழுந்து போய் அந்த அம்மாவைத் தன் நாற்காலியில் உட்கார வைத்தார்.

அன்று சாயங்காலமே அத்தாவுக்கு வேலை போய்விட்டது. இப்போது ரோட்டோரத்தில் சொந்தமாகப் பஞ்சர் ஒட்டுகிறார். காற்று அடிக்க வருகிறவர்களிடம் அதிகமாகப் பேச்சுக் கொடுக்கிறார், முன்பெல்லாம் அப்படி இல்லை. இமாமைக் கமிட்டி வெளியேற்றப் பார்த்தது. தொழ வருகிறவர்கள் விடவில்லை, ஆனால் வீட்டைக் காலி செய்ய வைத்துவிட்டார்கள். டயர்க்காரரின் மகன், அவள் புருஷன், ஜெயிலில் இருக்கிறான். வழக்கு நடக்கிறது. பெரிய வக்கீல் வைத்திருக்கிறார்கள். கடைசியில் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. "விடுதலை ஆயிட்டா?" என்று அம்மா ஒரு நாள் கேட்டார். "ஆகட்டுமே மதினி," என்றார் மாமி, "கழுவி விட்டது நான்னு இருக்காதுல்ல."

போலீஸ் வந்த அன்றைக்கு மறுநாள் மத்தியானம் உடலைத் திருப்பிக் கொடுத்தார்கள். கொண்டு வந்து பார்த்தால் குளிப்பாட்டும் அறை வெறுமையாக இருந்தது. காலையிலேயே ஆள் விட்டு எஃகு மேசையைத் தூக்கிப் போயிருந்தார் டயர்க்காரர். தரையில் நாலு கால் தடம் மட்டும் பாக்கி. மாமி அதைப் பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சு. அந்தப் பேரு மேல இவளைப் படுக்க வைக்கிறதா?" என்றார். மூலையில் சாத்தியிருந்த பழைய மரப்பலகையை இழுத்துப் போட்டுத் தேய்த்தார். நான் தண்ணீர் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்த அதே பலகை. அதில் படுத்து விளையாடியதை நினைத்தபோது எனக்கு ஏனோ கண்ணில் சோப்புப் பட்ட மாதிரி இருந்தது. சோப்பு உள்ளேதான் இருந்தது, நான் வெளியே.

உள்ளே மாமி, தையல்காரம்மா, அந்தப் பெண்ணின் அம்மா. தண்ணீர் ஊற்றியது அம்மா. மாமி வலது பக்கம் முடித்து, இடது பக்கம் முடித்து, கடைசியாகக் கைகளுக்கு வந்தார். குச்சியை எடுத்தார். துணியை விலக்கினார்.

பத்து விரலிலும் நகத்தைப் பரிசோதனைக்காக வெட்டி எடுத்திருந்தார்கள்.

மய்யித்துக்கு நகம் வெட்டுகிற வழக்கம் இல்லை. தையல்காரம்மா பதறிப் போய் வாயைப் பொத்திக்கொண்டாராம். மாமி பதறவில்லை. குச்சியைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொரு விரலாகப் பிடித்து, வெறும் கையால் கழுவினாராம். "இதுக்குள்ள இருந்ததை இவ சொல்லிட்டா. இனி சுத்தம்" என்று அந்த அம்மாவிடம் சொன்னாராம். அந்த அம்மா கெண்டியைச் சாய்த்துப் பிடித்தபடி முதல் தடவையாக வாய்விட்டு அழுதார். அந்த அழுகை கதவுக்கு வெளியே எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

வெளியே ஆண்கள் குறைவு. கமிட்டிக்காரர்கள் ஒருவரும் இல்லை. வந்தால் நாளைக்கு டயர்க்காரர் முகத்தில் விழிக்க வேண்டுமே. சந்தூக்கைத் தூக்க நாலு பேராவது வேண்டும். அத்தா நின்றார். இமாம் நின்றார். சலவைக்கூடத்திலிருந்து இரண்டு ஆட்கள், வேலைச் சட்டை ஈரத்தோடு வந்து நின்றார்கள். எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே தெரு முனையிலிருந்து ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். டயர்க் கடையில் வேலை பார்க்கிற மூன்று பேர், கையில் கிரீஸோடு, யாரையும் பார்க்காமல் வந்து வரிசையில் சேர்ந்துகொண்டார்கள்.

மாமி கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்தார். கை முழங்கை வரை ஈரமாக இருந்தது.

"இப்ப தூக்குங்க" என்றார்.